எம்பிஎச் படிப்பைக் களத்திலிருந்து தொடங்கினால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பிஎச் எனப்படும் பொது சுகாதார முதுநிலைப் படிப்பில் சேரப்போகிறவர்கள், இப்போது படிப்பவர்கள், பாடத்திட்டக் குழுவில் இருக்கும் ஆசிரியர்கள், "இந்த மாணவர்களுக்குக் களப்பயிற்சி கொடுங்கள்" என்று கடிதம் வந்ததும் யோசிக்கும் வட்டார மருத்துவ அலுவலர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் படிப்பைக் களப்பணியை நடுவில் வைத்து மாற்றி அமைக்க வேண்டும், மாணவர் களத்தில் செய்து முடித்த வேலைக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களும் அந்தப் பக்கம் நின்றே எழுதப்பட்டவை.

இப்போதைய படிப்பில் அப்படி என்ன குறை?

பாடங்களில் பெரிய குறை இல்லை. எபிடெமியாலஜி எனப்படும் நோய்ப்பரவல் இயல், உயிர்ப் புள்ளியியல், சுற்றுச்சூழல் நலம், சுகாதார மேலாண்மை, சமூக நடத்தை அறிவியல் என்ற ஐந்து தூண்களும் தேவையானவைதான். சிக்கல் அவற்றை எந்த வரிசையில் சொல்லித்தருகிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் ஒன்றரை வருடம் வகுப்பு, கடைசியில் சில வாரம் "இன்டர்ன்ஷிப்", அதோடு ஒரு டெசர்டேஷன், அதாவது ஆய்வேடு. மாணவர் களத்துக்குப் போகும்போது படித்ததில் பாதி மறந்திருக்கும். போன இடத்தில் அவருக்கென்று ஒரு வேலையும் இருக்காது. பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிலையத்தின் பணியாளர் பட்டியலையும் கட்டட வரைபடத்தையும் ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

நோய்க்கும் அதன் காரணத்துக்கும் உள்ள தொடர்பை அளக்கும் ஆட்ஸ் ரேஷியோவின் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பட்டதாரியிடம் நாற்பது நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நேர்காணல்களில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. பலர் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. படித்த காலத்தில் அப்படி ஒரு பட்டியலை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

செய்முறைத் திறன் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

ஒரு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் வாரம் முழுக்க நடக்கும் வேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நோய்க் கண்காணிப்புத் தரவில் இந்த வாரம் எந்த வட்டாரத்தில் காய்ச்சல் வழக்கத்தைவிட அதிகம் என்று பார்க்க வேண்டும். பரவல் என்று தகவல் வந்தால் போய் விசாரிக்க வேண்டும். கொசுப்புழு ஆய்வு அறிக்கையைப் படித்து, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்ற பிரெட்டோ குறியீட்டைச் சரிபார்த்து, நாளைக்கு ஆட்களை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தனவா என்று வெப்பநிலைப் பதிவைப் பார்க்க வேண்டும். ஒரு தாய் பிரசவத்தில் இறந்திருந்தால், எந்த இடத்தில் தாமதம் ஆனது என்று வீட்டிலிருந்து மருத்துவமனை வரை தடம் பிடித்துப் போக வேண்டும். அடுத்த ஆண்டுக்கான நிதி கேட்டு தேசிய சுகாதார இயக்கத்துக்குத் திட்டம் எழுத வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் பேசி ஒரு காரியத்தை நடத்தி முடிக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றையும் மேற்பார்வையில் ஒரு முறையாவது முழுதாகச் செய்யாமல் யாரும் பட்டம் வாங்கிப் போகக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று விளக்க முடியுமா?

வயிற்றுப்போக்குப் பரவலை எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் எண்கள் பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஒரு சிற்றூரில் நான்கு நாளில் முப்பது பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கிராம சுகாதார செவிலியர் தகவல் சொல்கிறார். மாணவர் முதலில் செய்ய வேண்டியது, யாரை நோயாளியாகக் கணக்கில் சேர்ப்பது என்று எழுதி வைப்பது: இன்ன தேதிக்குப் பிறகு, இந்த ஊரில், 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர். இது இல்லாமல் எண்ணத் தொடங்கினால் இரண்டு பேர் எண்ணும் கணக்கு ஒத்துவராது.

அடுத்தது லைன் லிஸ்ட், அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்ற பட்டியல். பெயர், வயது, பாலினம், தெரு, நோய் தொடங்கிய நாளும் நேரமும், குடிநீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கடந்த வாரம் கோயில் விருந்து, கல்யாண வீடு என்று எங்கே சாப்பிட்டார்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள். புதியவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். நோய் தொடங்கிய நேரத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதியை எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் பதிவேட்டில் அதுதான் இருக்கிறது. அதை வைத்து எந்த நாளில் எத்தனை பேர் என்று வரைபடம் போட்டால், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆரம்பித்த நோய் வியாழக்கிழமை ஆரம்பித்ததுபோலத் தெரியும். காலராவுக்குக் கிருமி உள்ளே போய் நோய் தெரிய சில மணி நேரம் முதல் 5 நாள் வரை ஆகும். தொடக்க நாளே இரண்டு நாள் தள்ளிப்போனால், எந்த நாள் தண்ணீரைச் சந்தேகிப்பது? இந்தத் தப்பைப் புத்தகத்தில் படித்து யாரும் திருத்திக்கொண்டதில்லை. வீட்டு வாசலில் நின்று, "முதல் தடவை எப்போம்மா போச்சு? விடியறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டுப் பழக வேண்டும்.

பிறகு ஊரைக் காகிதத்தில் வரைய வேண்டும். மேல்நிலைத் தொட்டி, குழாய் போகும் வழி, வால்வு குழிகள், சாக்கடை, நோயாளிகள் இருக்கும் வீடுகள். நடந்து போய் வரைய வேண்டும். கைபேசி வரைபடத்தில் வால்வு குழி தெரியாது. ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள் என்றால், மீதி நேரம் குழாயில் அழுத்தம் இருக்காது. சாக்கடைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் வால்வில் சின்ன கசிவு இருந்தால் அந்த நேரத்தில் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். யாராவது வீட்டுக் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம்.

தொட்டி இயக்குபவரிடம் பேசுவதும் பாடம்தான். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுகிறார், எத்தனை மணிக்குப் போடுகிறார், மூட்டையை எங்கே வைத்திருக்கிறார்? 30,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேர்க்க 30 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 100 கிராம் பவுடர். மூட்டையைத் திறந்தே வைத்து வீரியம் பாதியாகப் போயிருந்தால் அதே வேலைக்கு 200 கிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இதுவும் பற்றாது. அப்புறம் குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் குழாயிலும் குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு "குளோரின் சரி" என்று எழுதுவது பயன்படாது.

கீழத்தெருவில் 120 பேரில் 24 பேருக்கும் மேலத்தெருவில் 150 பேரில் 6 பேருக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம், 4 சதவீதம், ஐந்து மடங்கு. வகுப்பில் பாதிப் பேருக்குக் கசக்கும் ஒப்பீட்டு அபாயம் என்ற கணக்கு, இந்த இடத்தில் யாருக்கும் கசப்பதில்லை. கீழத்தெருக் குழாயை இன்றே மூடலாமா, வேண்டாமா என்ற முடிவு அதில் தொங்குகிறது.

இதற்கிடையில் யாரும் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை, லாரித் தண்ணீர் எல்லாம் முதல் நாளே போயாக வேண்டும். மல மாதிரியை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்து, வழியில் கிருமி சாகாமல் காக்கும் கேரி பிளேர் ஊடகத்தில் போட்டு அனுப்ப வேண்டும். அன்று மாலையே வட்டார மருத்துவ அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும்: என்ன நடக்கிறது, எது காரணமாக இருக்கலாம், யார் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும்.

நுண்ணுயிரியல், புள்ளியியல், நீர் வழங்கல், ஊராட்சி நிர்வாகம், பேச்சு, எழுத்து எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. இப்படி ஒரு வாரத்தைப் பார்த்த மாணவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு எடுப்பது ஆசிரியருக்கும் சுலபம்.

அப்படியானால் கோட்பாடும் புள்ளியியலும் குறைந்துவிடாதா?

வகுப்பு நேரம் குறையும். ஆழம் குறைய வேண்டிய அவசியம் இல்லை. பல காரணிகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனை முதல் பருவத்திலேயே எல்லோருக்கும் திணிப்பதைவிட, சொந்தமாகத் திரட்டிய தரவு கையில் இருக்கும்போது சொல்லித்தந்தால் நிற்கும். ஆனால் ஒன்று: கோட்பாடே தெரியாமல் களத்தில் சுற்றுவதும் பயிற்சி ஆகாது. குழப்பக் காரணி (காரணத்தோடும் நோயோடும் தொடர்பு வைத்துக்கொண்டு பொய்யான உறவைக் காட்டும் மூன்றாவது விஷயம்) என்றால் என்ன என்று தெரியாதவர் எவ்வளவு வீடு ஏறி இறங்கினாலும் தப்பான முடிவுக்கே வருவார். இரண்டும் ஒரே மாதத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடக்க வேண்டும்.

இது புது யோசனையா?

இல்லை. நாம் விட்டுவிட்ட பழைய யோசனை என்றுகூடச் சொல்லலாம். இலங்கையின் களுத்துறையில் 1926-ல் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கினார்கள். ஒரு குறிப்பிட்ட பகுதி மக்களின் முழு சுகாதாரத்துக்கும் பொறுப்பேற்கும் அந்த அமைப்பிலேயே பயிற்சியும் நடந்தது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு அதுதான் வேர். கொல்கத்தாவில் 1932-ல் தொடங்கிய அகில இந்திய சுகாதார நிறுவனத்துக்குச் சிங்கூரில் கிராமப் பயிற்சி மையமும் சேத்லாவில் நகரப் பயிற்சி மையமும் அமைந்தன.

அமெரிக்காவில் 1951-ல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய எபிடெமிக் இன்டலிஜென்ஸ் சர்வீஸ் என்ற நோய்ப்பரவல் விசாரணைப் பயிற்சித் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு ஆண்டுப் பயிற்சி, ஆனால் பயிற்சியாளர்கள் முழு நேரமும் வேலையில் இருப்பவர்கள். பரவல் எங்கே என்றாலும் அவர்களைத்தான் அனுப்புவார்கள். அந்த முறையைப் பின்பற்றித் தாய்லாந்து 1980-ல் தன் களப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் பல நாடுகளில் இது பரவியது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு 2001-ல் செயல்முறை எபிடெமியாலஜியில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. மாநில அரசுகளில் வேலையில் இருக்கும் மருத்துவர்கள் சென்னைக்கு வந்து சில வாரம் வகுப்பில் இருப்பார்கள். பிறகு தங்கள் மாவட்டத்துக்கே திரும்பிப் போய், கண்காணிப்புத் தரவை அலசுவது, கண்காணிப்பு அமைப்பை மதிப்பிடுவது, பரவலை விசாரிப்பது என்று கொடுத்த வேலைகளை முடித்துக்கொண்டு வருவார்கள். காலத்தில் பெரும்பகுதி களம்தான். 2012-ல் டெல்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் இந்தியாவின் சொந்த எபிடெமிக் இன்டலிஜென்ஸ் சர்வீஸ் தொடங்கியது.

ஆக, நடக்குமா என்ற கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. ஒரு சில இடங்களில் ஒரு சிலருக்குக் கிடைக்கும் இந்தப் பயிற்சி, சாதாரண எம்பிஎச் மாணவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்களாமே?

ஆமாம். 1915-ன் வெல்ச்–ரோஸ் அறிக்கையும் அதைத் தொடர்ந்து 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்கிய பள்ளியும் அங்கே பொது சுகாதாரக் கல்வியை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் வழியில் கொண்டுபோயின. களப்பயிற்சி இரண்டாம் இடத்துக்குப் போனது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2016-ல், அங்கே இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் குழு தன் விதிகளை மாற்றியது. ஐந்து பாடங்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பட்டதாரியால் செய்ய முடிய வேண்டிய 22 அடிப்படைத் திறன்களை வரையறுத்தது. ஒவ்வொன்றையும் எங்கே எப்படிச் சோதித்தீர்கள் என்று கல்லூரி காட்ட வேண்டும். களப்பயிற்சிக்கும் மணிக்கணக்கு மட்டும் போதாது. மாணவர் போன அமைப்புக்குப் பயன்படும் குறைந்தது இரண்டு வேலைப் படைப்புகள் கைக்கு வர வேண்டும்.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி விதி. 22 என்ற பட்டியலை அப்படியே நகலெடுப்பதில் அர்த்தம் இல்லை. நம் மாவட்ட அலுவலகத்தின் வேலையிலிருந்து நம் பட்டியல் பிறக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு விதி எதுவும் இல்லையா?

மத்திய சுகாதார அமைச்சகம் எம்பிஎச்சுக்குத் திறன் சார்ந்த மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்ட கல்லூரிகளிலும் தேர்வு முறை பழையபடியே இருந்தால் பலன் குறைவு. பாடத்திட்டம் என்ன சொன்னாலும் மாணவர் தேர்வுக்குத்தான் படிப்பார்.

இரண்டு ஆண்டை எப்படிப் பிரிப்பீர்கள்?

முதல் மூன்று வாரம் வகுப்பு: எண்ணுவது, விகிதம், வீட்டுக்குப் போய்ப் பேசுவது, தனிப்பட்ட தகவலைக் காப்பது. நான்காவது வாரம் களம். கல்லூரி ஒரு வட்டாரத்தை நிரந்தரமாகத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும், அதே ஆரம்ப சுகாதார நிலையங்கள், அதே ஊர்கள், ஆண்டுதோறும். இந்த ஆண்டு மாணவர் விட்ட இடத்தில் அடுத்த ஆண்டு மாணவர் தொடங்குவார். வேலூர் சிஎம்சி கணியம்பாடி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக வேரூன்றி இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பலம் தெரியும். ஒரே மக்களோடு நீண்ட காலம் இருந்தால்தான் பதிவேட்டில் உள்ள எண் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியும்.

முதல் ஆண்டு முழுக்க வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வட்டாரத்தில். இரண்டாம் ஆண்டில் ஆறு மாதம் தொடர்ச்சியாக ஒரு மாவட்ட அல்லது மாநகராட்சி சுகாதார அலுவலகத்தில், பெயர் சொல்லி ஒப்படைத்த வேலையோடு. மீதிக் காலத்தில் விருப்பப் பாடமும் ஆழமான புள்ளியியலும்.

மதிப்பெண்ணை எப்படிப் போடுவது? களவேலையை நியாயமாக மதிப்பிட முடியுமா?

என்னைப் பொறுத்தவரை முழு மாற்றமும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. "பயிற்சியை முடித்தார்" என்ற சான்றிதழுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் மாணவர் முடித்துக் கொடுத்த படைப்புகளை மதிப்பிட வேண்டும். மாவட்டத்தில் ஏதாவது ஒரு நோயின் ஐந்தாண்டுத் தரவு அலசல், ஒரு பரவல் விசாரணை அறிக்கை, ஒரு கண்காணிப்பு அமைப்பின் மதிப்பீடு, செலவுக் கணக்கோடு ஒரு திட்டம், மக்களுக்குத் தமிழில் ஒரு தகவல் தாள். ஒவ்வொன்றையும் ஓர் ஆசிரியரும் அந்தப் பகுதி அலுவலர் ஒருவரும் தனித்தனியாகப் படித்து மதிப்பிட வேண்டும். அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை வைத்து நீங்கள் ஏதாவது செய்தீர்களா?" என்பது.

முதல் வரைவுக்கு மதிப்பெண் போடக் கூடாது. திருத்தம் எழுதித் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுத வைக்க வேண்டும். உண்மையான அலுவலகத்தில் எந்த அறிக்கையும் ஒரே வரைவில் போவதில்லை.

மூன்று மணி நேர எழுத்துத் தேர்வுக்கும் மாற்று உண்டு. இருநூறு வரி கொண்ட, தப்பும் தவறுமான தரவுக் கோப்பைக் கொடுங்கள். வயது 340 என்று இருக்கும், ஒரே ஆள் இரண்டு முறை வருவார், ஊர்ப் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். இதைச் சுத்தம் செய்து, ஒரு வரைபடம், ஓர் அட்டவணை, ஒரு பக்கக் குறிப்பு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும். யாருக்கு வேலை தெரியும் என்பது அதில் தெரிந்துவிடும்.

நேரத்தையும் மதிப்பிடலாம். பரவலை 7 நாளுக்குள் கண்டுபிடி, 1 நாளுக்குள் தெரிவி, 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி என்ற 7-1-7 இலக்கு இப்போது பல நாடுகளில் பேசப்படுகிறது. மாணவரின் விசாரணை அறிக்கையிலும் இந்த மூன்று தேதிகளைக் கேட்கலாம்.

டெசர்டேஷன் வேண்டாமா?

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் எழுதட்டும். மற்றவர்களுக்கு மேலே சொன்ன படைப்புகளின் தொகுப்பு போதும். நூறு கல்லூரி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து "அறிவு, மனப்பான்மை, பழக்கம்" என்று எழுதும் ஆய்வுகளால் யாருக்கும் பெரிய பயன் இல்லை.

நான் மருத்துவர் இல்லை. களத்தில் என்னை மதிப்பார்களா?

செவிலியர், பல் மருத்துவர், சித்த மருத்துவர், சமூகப்பணி படித்தவர், உயிரியல் பட்டதாரி எனப் பலரும் எம்பிஎச் படிக்கிறார்கள். தொடக்கத்தில் தயக்கம் இருக்கத்தான் செய்யும். லைன் லிஸ்ட்டைச் சுத்தமாகப் போட்டுக் கொடுத்த மறுநாள் அந்தத் தயக்கம் குறையும். இன்னொன்று, வால்வு குழியைக் கண்டுபிடிக்க எம்பிபிஎஸ் தேவையில்லை. சமூகப்பணி படித்தவர்கள் வீட்டில் பேச்சை எடுக்கும் விதத்தைப் பார்த்து மருத்துவர்கள் கற்றுக்கொள்வதும் நடக்கும். ஒரே குழுவில் வெவ்வேறு படிப்புக்காரர்களைச் சேர்த்து அனுப்புங்கள். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது மட்டும் அதற்குத் தகுதி பெற்றவரின் வேலை. அந்தக் கோட்டை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

களத்தில் யார் சொல்லிக்கொடுப்பது?

கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும்தான் முதல் ஆசிரியர்கள். எந்த வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் இருக்கிறார், யார் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார், எந்தத் தெருவில் தடுப்பூசிக்கு மறுப்பு வரும், மறுக்கும் வீட்டில் யாரிடம் பேசினால் நடக்கும் என்பதெல்லாம் செவிலியருக்கு மனப்பாடம். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி இணையதளத்தில் ஒரு எண் குறைவாக இருந்தால் அதற்கு என்ன காரணம் என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மாணவர் அதைப் புள்ளியியல் வழியாகக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

ஆனால் இந்த வேலைக்கு அவர்களுக்கு நாம் எதுவும் கொடுப்பதில்லை. ஊதியமும் இல்லை, அங்கீகாரமும் இல்லை, அதற்கென்று நேரமும் ஒதுக்குவதில்லை. ஏற்கெனவே பதிவேடு, இணையப் பதிவு, முகாம் என்று திணறுபவர்களிடம் "இவர்களையும் கொஞ்சம் பாருங்கள்" என்று விட்டுவிட்டு வருவது நியாயமே இல்லை. களப் பயிற்றுநர் என்ற பெயரில் நியமன ஆணை, மதிப்பூதியம், மாணவரின் மதிப்பெண்ணில் அவருடைய குரல் மூன்றும் வேண்டும். பேராசிரியரும் மாதம் ஒரு நாளாவது வட்டாரத்துக்கு வந்து அவரோடு உட்கார வேண்டும்.

வட்டார மருத்துவ அலுவலராகக் கேட்கிறேன்: எங்களுக்கு இது கூடுதல் சுமைதானே?

இரண்டு வாரம் வந்து போகும் மாணவர் சுமைதான், ஒப்புக்கொள்கிறேன். வேலை தெரிந்துகொள்வதற்குள் கிளம்பிவிடுவார். ஆறு மாதம் இருப்பவர் அப்படி இல்லை. உங்களுக்கு நேரம் கிடைக்காமல் கிடப்பில் இருக்கும் ஒரு கேள்வியை அவரிடம் கொடுங்கள்: குறிப்பிட்ட இரண்டு துணை நிலையங்களில் மட்டும் தட்டம்மை இரண்டாம் தவணை ஏன் விடுபடுகிறது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கியவர்கள் நடுவில் நிறுத்துவது ஏன்? கேள்வியை நீங்கள் தேர்ந்தெடுங்கள். கல்லூரி தேர்ந்தெடுத்து அனுப்பும் தலைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்?

முதலில் எக்செல், ஒழுங்காக. பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள். தரவு திரட்டக் கோபோ டூல்பாக்ஸ், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ். அரசின் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் தரவு எப்படி ஏறுகிறது என்று துணை நிலையத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். எங்கே தப்பு நுழைகிறது என்பது அங்கேதான் புரியும்.

தமிழில் எழுதவும் பேசவும் பயிற்சி வேண்டுமா? படிப்பு ஆங்கிலத்தில்தானே?

கட்டாயம் வேண்டும். நம் பட்டதாரிகள் ஆங்கிலத்தில் ஆய்வுச் சுருக்கம் எழுதிவிடுவார்கள். கிராம சபையில் ஐந்து நிமிடம் எழுந்து நின்று, "உங்கள் தொட்டித் தண்ணீரில் என்ன கோளாறு, எப்போது சரியாகும், அதுவரை என்ன செய்ய வேண்டும்" என்று பேசச் சொன்னால் வார்த்தை வராது. பயம் கிளப்பாமலும் மழுப்பாமலும் பேசுவது பழகிப் பெற வேண்டிய திறமை. ஆட்சியருக்கு எழுதும் ஒரு பக்கக் குறிப்பு இன்னொரு வகை. முதல் வரியிலேயே என்ன முடிவு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் மதிப்பெண் இருக்கட்டும்.

மக்களை வைத்துப் பயிற்சி எடுப்பது சரியா?

நியாயமான கேள்வி. மாணவர் தன்னை மாணவர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். "வேண்டாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று குழு போகாமல் பார்த்துக்கொள்வது கல்லூரியின் பொறுப்பு. பெயர் உள்ள பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடவே கூடாது. தகவல் தந்த ஊருக்கே திரும்பிப் போய் என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்லாமல் எந்தப் படைப்புக்கும் மதிப்பெண் இல்லை என்று ஒரு விதி வைத்தால் நல்லது.

சமுதாய மருத்துவத்தில் எம்டி படிப்பவர்களுக்கு ஏற்கெனவே மாவட்டப் பணி இருக்கிறதே?

இருக்கிறது. மருத்துவ முதுநிலை மாணவர்கள் எல்லோரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவ அமைப்பில் பணியாற்ற வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் மருத்துவமனை வார்டில் ஆள் பற்றாக்குறைக்கு அனுப்பிவிட்டால் சமுதாய மருத்துவ மாணவருக்கு அதனால் லாபம் இல்லை. அவரை மாவட்ட சுகாதார அலுவலகத்தில்தான் அமர்த்த வேண்டும்.

இப்படிப் படித்தால் வேலை கிடைக்குமா?

உறுதி சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் 1939-ன் பொது சுகாதாரச் சட்டமும் இருந்தாலும், அந்தப் பணிவரிசையின் மேல் பதவிகள் மருத்துவர்களுக்கானவை. மற்றவர்களுக்கு தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்தப் பணிகள், மாநகராட்சிகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். ஒப்பந்த ஊதியம் பல இடங்களில் படிப்புக்கு ஏற்றதாக இல்லை என்பது உண்மை, அதையும் மாற்றியாக வேண்டும். நேர்காணலில் மூன்று நல்ல அறிக்கைகளை எடுத்து வைக்கிறவருக்கும் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கிறவருக்கும் வித்தியாசம் தெரியும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

சேர்வதற்கு முன் கல்லூரியிடம் என்ன கேட்கலாம்?

களப்பகுதி எது, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். போன ஆண்டு மாணவர் எழுதிய ஒரு விசாரணை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டலாம். ஆசிரியர்களில் எத்தனை பேர் மாவட்டத்திலோ மாநகராட்சியிலோ வேலை பார்த்தவர்கள்? களவேலைக்கு மொத்த மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு? பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள்? பெண் மாணவர்களுக்குக் களத்தில் தங்கும் இடமும் கழிப்பறையும் இருக்கிறதா? முடிந்தால் ஒரு நாள் அந்த வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய், இந்தக் கல்லூரி மாணவர்கள் வந்தால் என்ன செய்வார்கள் என்று அங்குள்ள செவிலியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.